வெள்ளணுவுக்குள் முதல் ஒரு மணி நேரம்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், “கிருமி நுழைந்தால் வெள்ளணுக்களின் மரபணுக்கள் வேறு மாதிரி வேலை செய்யத் தொடங்கும்” என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவளுக்கு வேறென்ன வேண்டும்? இந்த முறை எல்லாக் கேள்விகளும் அதைப் பற்றியே.

உடம்பின் எல்லா செல்லிலும் ஒரே டிஎன்ஏ என்றுதான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். அப்படியிருக்க, கிருமி வந்தால் மரபணு எப்படி மாறும்? பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்ல? – அறிவியல் ஆசிரியை, ஒட்டன்சத்திரம்

மரபணு மாறுவதில்லை, டீச்சர். அதை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுங்கள். புரதம் செய்யச் சொல்லும் மரபணுக்கள் நம்மிடம் சுமார் 20,000 இருக்கின்றன. கல்லீரல் செல்லுக்கும் வெள்ளணுவுக்கும் அதே தொகுப்புதான். அதில் எதை எதை ஆர்என்ஏவாகப் படியெடுப்பது, எத்தனை படி எடுப்பது என்பதில்தான் செல்லுக்குச் செல் வேறுபாடு. கிருமி வரும்போது மாறுவது இந்தப் படியெடுப்பு.

ஈ.கோலை போன்ற ஒரு பாக்டீரியா திசுவுக்குள் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் வெளிச்சுவரில் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஒரு மூலக்கூறு உண்டு. எல்பிஎஸ் என்போம். அங்கே காவலிருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் வெள்ளணு, தன் வெளிச்சவ்வில் டிஎல்ஆர்-4 என்ற உணரியை வைத்திருக்கிறது. எல்பிஎஸ் அதில் பட்டால் போதும். என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் செல்லுக்குள் முன்பே தயாராக இருக்கும். ஐ-கப்பா-பி என்ற இன்னொரு புரதம் அதைக் கட்டிப்பிடித்து உட்கருவுக்குள் போகவிடாமல் வைத்திருக்கும். சமிக்ஞை வந்ததும் பிடித்திருந்த புரதம் சிதைக்கப்படும், விடுபட்டது உட்கருவுக்குள் போய் டிஎன்ஏவில் தனக்கான இடங்களில் உட்காரும். எல்லாம் சில நிமிட வேலை. புதிதாக எந்தப் புரதத்தையும் செய்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதால்தான் இந்த வேகம்.

என்எஃப்-கப்பா-பியை 1986இல் கண்டுபிடித்தவர்கள் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும். அவர்கள் தேடிப் போனது வேறு. பி-செல்கள் ஆன்டிபாடியின் ஒரு பகுதிக்கான மரபணுவை எப்படி இயக்குகின்றன என்று பார்க்கப் போய் இது அகப்பட்டது. பிறகு பார்த்தால் உடம்பின் ஏறக்குறைய எல்லா செல்லிலும் இருக்கிறது. உணரியின் கதை ஈயிலிருந்து தொடங்கியது. பழ ஈக்கு ‘டோல்’ என்ற மரபணு (டிஎல்ஆர் என்ற பெயரின் முதல் எழுத்து இதிலிருந்துதான்) பழுதானால் பூஞ்சை அதைக் கொன்றுவிடும் என்று 1996இல் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழு காட்டியது. எல்பிஎஸ் கொடுத்தாலும் அசையாத ஒரு எலி இனத்தில் டிஎல்ஆர்-4 பழுதாகியிருப்பதை 1998இல் புரூஸ் பாய்ட்லர் கண்டுபிடித்தார். இருவருக்கும் 2011இல் நோபல்.

உட்கருவுக்குள் போன பிறகு நடப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதல் ஒரு மணி நேரத்தில் டிஎன்எஃப், இன்டர்லூகின்-8 போன்ற தூதுப் புரதங்களைச் செய்யும் அவசர மரபணுக்கள் எழும். டிஎன்எஃப் மற்ற செல்களை உசுப்பும். இன்டர்லூகின்-8 ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களை அந்த இடத்துக்கு இழுக்கும். அடுத்த சில மணி நேரத்தில் இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-12 என்று இரண்டாம் அணி. அப்புறம், எல்லாவற்றையும் தணிக்கும் இன்டர்லூகின்-10.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். என்எஃப்-கப்பா-பி உட்கருவுக்குள் போய் இயக்கும் முதல் மரபணுக்களில் ஒன்று, தன்னைக் கட்டிப்பிடித்திருந்த அதே ஐ-கப்பா-பியின் மரபணு! புதிதாகச் செய்யப்பட்ட அந்தப் புரதம் உள்ளே வந்து இதை வெளியே இழுத்துப் போகும். கிருமி இன்னும் இருந்தால் ஐ-கப்பா-பி மறுபடி சிதையும், என்எஃப்-கப்பா-பி மறுபடி உள்ளே போகும். இஸ்திரிப் பெட்டியின் விளக்கு எரிந்து அணைந்து எரிவது மாதிரி இது ஊசலாடும். போதாததற்கு, டிஎன்எஃப்பின் ஆர்என்ஏ வாலிலேயே ‘சீக்கிரம் சிதைத்துவிடு’ என்ற குறி எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் குறியைப் படித்துச் சிதைக்கும் புரதத்தையும் கிருமி வந்த அதே சமிக்ஞைதான் செய்யச் சொல்கிறது. ஆக, தொடங்கும்போதே நிறுத்தத்துக்கான ஏற்பாடும் நடந்துவிடுகிறது. பாடப்புத்தகங்கள் தொடக்கத்தைப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன, நிறுத்தத்துக்கு ஒரு பத்தி. நான் பாடத்திட்டம் எழுதினால் தலைகீழாக வைப்பேன்.

எழுபது வயதான அப்பாவைச் சிறுநீர்த் தொற்று என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆன்டிபயாடிக் கேட்டது. பிறகு எடுத்த கல்ச்சரில் கிருமி இல்லை என்றார்கள். ஆனாலும் ஐசியூவில் சில வாரத்தில் போய்விட்டார். கிருமி செத்த பிறகும் எப்படி, அம்மா? – வாசகர், திருவாரூர்

வருத்தமாக இருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு என்ன நடந்தது என்பதை அவருடைய கேஸ் ஷீட்டைப் பார்க்காமல் நான் சொல்லக்கூடாது. ஆனால் நீங்கள் கேட்ட கேள்வியை மருத்துவ உலகமே கேட்டுக்கொண்டிருக்கிறது. அதற்குக் கிடைத்த விடைகளைச் சொல்கிறேன்.

2005இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு ஆய்வு வந்தது. ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு மிகச் சிறிய அளவில் எல்பிஎஸ்ஸை ரத்த நாளத்தில் ஏற்றினார்கள். உயிருள்ள கிருமி கிடையாது, அதன் சுவர்த் துணுக்கு மட்டும். காய்ச்சலும் குளிரும் வந்தன. மணிக்கணக்கில் ரத்தம் எடுத்து வெள்ளணுக்களின் ஆர்என்ஏவைப் பார்த்தபோது 3,700க்கும் மேற்பட்ட மரபணுக்களின் செயல்பாடு மாறியிருந்தது. ஏறியவை பற்றி எல்லோரும் பேசினார்கள். என்னை நிறுத்தியது இறங்கியவை: செல்லின் ஆற்றல் உற்பத்தி, புரத உற்பத்தி சார்ந்த மரபணுக்கள் பல அடங்கிப்போயிருந்தன. 24 மணி நேரத்தில் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிட்டன. வந்ததே, அதுதான் ஆரோக்கியம்.

2011இல் பெரிய விபத்துக் காயம், தீக்காயம் பட்டவர்களின் வெள்ளணுக்களை இதேபோல் பார்த்தார்கள். மரபணுச் செயல்பாட்டில் 80 சதவீதத்துக்கு மேல் குலைந்திருந்தது. ஆய்வாளர்களே அதை ‘மரபணுப் புயல்’ என்று எழுதினார்கள். பிழைத்து நன்றாகத் தேறியவர்களுக்கும் சிக்கலாகிப் போனவர்களுக்கும் இடையே மாறிய மரபணுக்களின் பட்டியல் கிட்டத்தட்ட ஒன்றுதான். எவ்வளவு மாறியது, எத்தனை நாள் அடங்காமல் இருந்தது என்பதில்தான் வேறுபாடு. ஒருவருக்குச் சில நாளில் கோடு கீழே வருகிறது, இன்னொருவருக்கு வாரக்கணக்கில் மேலேயே நிற்கிறது. அந்த நாட்களில் ரத்தக் குழாய்கள் கசிகின்றன, சிறுநீரகமும் நுரையீரலும் அடி வாங்குகின்றன. கிருமியைக் கொல்லும் மருந்துக்கு இதில் கைவைக்க இடமில்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரு முறை எல்பிஎஸ் பார்த்த மேக்ரோஃபேஜுக்கு மறுபடி அதையே காட்டினால், அழற்சியைத் தூண்டும் மரபணுக்கள் பல வாயைத் திறப்பதில்லை. கிருமியை நேரடியாகக் கொல்லும் புரதங்களின் மரபணுக்கள் மட்டும் மறுபடியும் வேலை செய்கின்றன. எலி செல்களில் 2007இல் ருஸ்லான் மெட்சிடாவ் குழு இதைக் காட்டியது. டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் சில குறிகள் விழுந்து முதல் வகை மரபணுக்கள் மூடப்படுகின்றன. இரண்டாவது வகை திறந்தே இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் செப்சிஸ், அதாவது தொற்றுக்கு உடம்பு தரும் எதிர்வினையே உறுப்புகளைக் கெடுக்கும் நிலை, வந்தவர்களிடம் இந்த அடக்கம் எல்லை மீறிப் போவதுண்டு. வெள்ளணுக்கள் சோர்ந்துவிடும். அந்த நேரத்தில் ஐசியூவில் இருக்கும் வேறு கிருமி ஏதாவது ஒட்டிக்கொண்டால் தடுக்க ஆளில்லை.

‘டிஎன்எஃப்தானே குற்றவாளி, அதைக் கட்டிப்போடுவோம்’ என்று 1990களில் செப்சிஸ் நோயாளிகளுக்கு டிஎன்எஃப் தடுப்பு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. ரத்தத்தில் டிஎன்எஃப் உச்சத்துக்குப் போவது தூண்டுதலுக்கு ஒன்றரை மணி நேரத்தில். நோயாளி ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவதற்குள் அது வந்து போயிருக்கும். அதே மருந்துகள் இன்று முடக்குவாதம் என்ற மூட்டு அழற்சி நோய்க்குப் பிரமாதமாக வேலை செய்கின்றன. அங்கே டிஎன்எஃப் மாதக்கணக்கில் ஓய்வதே இல்லை.

ஐந்து வயது மகனுக்குக் காய்ச்சல். டாக்டர் ‘வைரஸ்தான், ஆன்டிபயாடிக் வேண்டாம், மூன்று நாள் பார்க்கலாம்’ என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, ‘அசித்ரோமைசின் கொடுத்தால் நாளைக்கே சரியாகிவிடும்’ என்கிறார். ரத்தத்தில் பார்த்து வைரஸா பாக்டீரியாவா என்று சொல்ல முடியாதா? – குடும்பத் தலைவி, காரைக்குடி

முதலில் டாக்டர் சொன்னபடி கேளுங்கள். அக்காவுக்கு நல்ல மனசு, ஆனால் மூன்றாம் நாள் தானாக விடும் காய்ச்சலின் பெருமையை மாத்திரை தட்டிக்கொண்டு போவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். பையன் சோர்ந்து கிடந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ மூன்று நாள் எல்லாம் காத்திருக்க வேண்டாம், உடனே திரும்பக் காட்டுங்கள்.

இப்போது நம் லேபில் செய்யும் டோட்டல் கவுண்ட் எத்தனை வெள்ளணு இருக்கிறது என்று எண்ணுகிறது. நியூட்ரோஃபில் ஏறினால் பாக்டீரியா, லிம்ஃபோசைட் ஏறினால் வைரஸ் என்று ஒரு பழைய கணக்கு. அது அடிக்கடி ஏமாற்றும். டைஃபாய்டு பாக்டீரியா நோய்தான், ஆனால் அதில் கவுண்ட் ஏறாமலும் இருக்கும், இறங்கவும் செய்யும். ரத்தத்தில் அளக்கும் சிஆர்பி என்பது இன்டர்லூகின்-6 சொல்லிக் கல்லீரல் செய்யும் புரதம். இதைவிடச் சுவாரசியமானது புரோகால்சிடோனின். சாதாரண நாளில் அது தைராய்டின் ஒரு வகைச் செல்லில் மட்டும் உருவாகும், அங்கேயே கால்சிடோனின் ஹார்மோனாக மாறிவிடும். கடுமையான பாக்டீரியாத் தொற்று வந்தால், அதற்குச் சம்பந்தமே இல்லாத கல்லீரலும் கொழுப்புத் திசுவும்கூட அந்த மரபணுவைப் படியெடுக்க ஆரம்பித்துவிடும்! வைரஸ் தொற்றில் வெளிவரும் இன்டர்ஃபெரான்-காமா என்ற தூதுப் புரதம் அதைத் தடுக்கும். அதனால்தான் அந்த டெஸ்டுக்கு ஓரளவு மதிப்பு.

நீங்கள் கேட்பது அதற்கும் அடுத்த படி. கிருமியைத் தேடாமல், கிருமியைப் பார்த்த வெள்ளணு எந்த மரபணுக்களை இயக்கியிருக்கிறது என்று பார்ப்பது. வைரஸ் என்றால் இன்டர்ஃபெரான் சொல்லி எழும் மரபணுக்கள் ஒரு கூட்டம் உண்டு. பாக்டீரியா என்றால் வேறு கூட்டம் முன்னால் நிற்கும். லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு ஒன்று 2016இல், காய்ச்சலோடு வந்த குழந்தைகளில் இரண்டே இரண்டு மரபணுக்களின் ஆர்என்ஏவை ஒப்பிட்டே பெரும்பாலும் பிரித்துக் காட்ட முடியும் என்று வெளியிட்டது. ஐஎஃப்ஐ44எல் வைரஸில் ஏறும்; எஃப்ஏஎம்89ஏ பாக்டீரியாவில் ஏறும். அமெரிக்காவில் 29 ஆர்என்ஏக்களை அரை மணி நேரத்தில் அளக்கும் ஒரு கருவிக்கு 2025 ஜனவரியில் அனுமதி கிடைத்தது. அவசரப் பிரிவுக்கு வரும் பெரியவர்களுக்கானது அது. காரைக்குடி லேபில் போய்க் கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

எனக்கு ஒரு தயக்கமும் உண்டு. இப்படிப்பட்ட டெஸ்ட்களைப் பழக்கும் ரத்தம் பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்காவிலிருந்து வருவது. நம் காய்ச்சல் வார்டில் டெங்குவும் டைஃபாய்டும் ஸ்க்ரப் டைஃபஸும் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருக்கும். இந்த மாதிரிக் கூட்டத்தில் சோதித்த பிறகுதான் நம்புவேன். அதிலும் பாக்டீரியாவாக இருந்தும் வைரஸ் வேஷம் போடும் ஒன்று நம் ஊரில் ஏராளம். அதைக் கீழே பார்க்கலாம்.

நோய் எதிர்ப்பு மரபணுக்களைத் தூண்டும் பொடி என்று விளம்பரம் வருகிறது. வாங்கலாமா? – வாசகர், ஆவடி

வேண்டாம். மேலே திருவாரூர் வாசகருக்கு எழுதியதைப் படித்தீர்கள் அல்லவா? தூண்டுவது ஒரு சாதனையே இல்லை. ஒரு தட்டு மேக்ரோஃபேஜில் அழுக்குத் தண்ணீரை ஊற்றினாலும் தூண்டும்.

நல்ல அறிவியல் அடிப்படை இருந்த ஒன்றே என்ன ஆனது என்று கேளுங்கள். காசநோய்க் கிருமியின் துணுக்கைக் கண்ட மனித மேக்ரோஃபேஜ், வைட்டமின்-டி உணரியின் மரபணுவையும் அந்த வைட்டமினைச் செயல்வடிவமாக்கும் என்சைமின் மரபணுவையும் இயக்குகிறது. அதன்மூலம் கேதெலிசிடின் என்ற கிருமிக்கொல்லிப் புரதம் உருவாகிறது என்று 2006இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. ரத்தத்தில் வைட்டமின்-டி குறைவாக இருந்தால் கேதெலிசிடினும் குறைவு. அழகான ஆய்வு. சரி, மாத்திரை கொடுத்தால் காசநோய்த் தொற்று தடுக்கப்படுமா? மங்கோலியாவில் 8,851 பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். 2020இல் முடிவு வந்தது: தடுக்கவில்லை. அத்தனை தெளிவான வழி இருந்ததற்கே இந்தக் கதி என்றால், பொடிக்காரர் என்ன சோதனை செய்தார் என்று நீங்களே கேட்டுப் பாருங்கள்.

காசநோய்க் கிருமியை மேக்ரோஃபேஜ் விழுங்குகிறது என்கிறீர்கள். விழுங்கியும் ஏன் கொல்ல முடியவில்லை? கிருமி நம் மரபணுக்களில் விளையாடுமா? – காசநோய்த் திட்டக் களப்பணியாளர், பெரம்பூர்

விளையாடும். நீங்கள் தினமும் வீடு வீடாகப் போய் மாத்திரை கொடுப்பதே அந்த விளையாட்டினால்தான்.

2002இல் ஒரு குழு மனித மேக்ரோஃபேஜ்களுக்குப் பலவிதப் பாக்டீரியாக்களைக் கொடுத்து, ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒரே சமயத்தில் அளந்தது. எந்தக் கிருமியாக இருந்தாலும் எழும் ஒரு பொதுக் கூட்டம் இருந்தது. அது எதிர்பார்த்ததுதான். காசநோய்க் கிருமியிடம் மட்டும் ஒரு குறை தெரிந்தது: இன்டர்லூகின்-12 சரியாக எழவில்லை. டி-செல்கள் என்ற வேறு வகை வெள்ளணுக்களுக்கு ‘இன்டர்ஃபெரான்-காமா அனுப்பு’ என்று சொல்லும் தூது அது. இன்டர்ஃபெரான்-காமா வந்தால்தான் மேக்ரோஃபேஜ் முழு வேகத்தில் கொல்லும். கிருமி அடக்கியது அந்தத் தூதைத்தான்.

மற்ற கிருமிகள் இன்னும் முரட்டுத்தனம். வயிற்றுக்கடுப்பு தரும் ஷிகெல்லா, ஊசிபோல் ஒரு கருவியால் தன் புரதத்தை நம் செல்லுக்குள் செலுத்துகிறது. அது உட்கருவுக்குள் போய், சமிக்ஞை தரும் நொதியை நிரந்தரமாக முடக்கிவிடும். இன்டர்லூகின்-8 மரபணு இருக்கும் இடத்தில் டிஎன்ஏ விரிந்துகொடுக்காது, நியூட்ரோஃபில்களுக்கு அழைப்பு போகாது. லெஜியனெல்லா அனுப்பும் ஒரு புரதம் நம் ஹிஸ்டோன்களில் தானே ஒரு குறியைப் போட்டு மரபணுக்களை அடக்குகிறது. பிளேக் கிருமியின் இனத்தைச் சேர்ந்த யெர்சினியாக்கள் என்எஃப்-கப்பா-பிக்கு முன்னாலேயே வழியை அடைத்துவிடும்.

காசநோய்க்குத் திரும்புவோம். 2010இல் லண்டனிலும் தென்னாப்பிரிக்காவிலும் நோயாளிகளின் ரத்தத்தை எடுத்துப் பார்த்ததில், 393 ஆர்என்ஏக்கள் கொண்ட ஓர் அடையாளம் தெரிந்தது. அதில் முன்னால் நின்றவை இன்டர்ஃபெரான் சொல்லி எழும் மரபணுக்கள், அதுவும் முக்கியமாக நியூட்ரோஃபில்களில். வைரஸ் வந்தால் எழ வேண்டியவை! காரைக்குடி அம்மாவுக்குச் சொன்ன வேஷம் இதுதான். எக்ஸ்ரேயில் நுரையீரல் எவ்வளவு பாதித்திருக்கிறதோ அவ்வளவுக்கு அந்த அடையாளமும் வலுவாக இருந்தது. மருந்து வேலை செய்யச் செய்ய இரண்டே மாதத்தில் குறையத் தொடங்கியது.

சளி கொடுக்க முடியாத குழந்தைகளுக்கு இது உதவும் என்று எல்லோரும் உட்கார்ந்து யோசித்தார்கள். விரல்நுனி ரத்தத்தில் மூன்றே மரபணுக்களை அளக்கும் கார்ட்ரிட்ஜ் ஒன்று வந்திருக்கிறது. காசநோய் டெஸ்டுக்கு நீங்கள் பார்த்துப் பழகிய ஜீன்எக்ஸ்பர்ட் பெட்டியிலேயே ஓடக்கூடியது. இன்னும் ஒரு படி மேலே, நோய் வெளிப்படுவதற்கு ஓராண்டுக்கு முன்பே 16 மரபணுக்களால் முன்னறிய முடியும் என்று 2016இல் தென்னாப்பிரிக்க இளவயதினரிடம் காட்டினார்கள். ஆனால் அதன் வழியில் வந்த 11 மரபணு டெஸ்டை வைத்து ஆளைப் பிடித்துத் தடுப்பு மாத்திரை கொடுத்த சோதனையில் பயன் தெரியவில்லை. யாருக்கு வரும் என்று சொல்வது ஒன்று, சொல்லி வராமல் செய்வது இன்னொன்று. உங்கள் கள வேலைக்கு இப்போதைக்கு ஓய்வு கிடையாது.

ஒரு எச்சரிக்கை: முடக்குவாதத்துக்கு டிஎன்எஃப் தடுப்பு ஊசி போடுபவர்களிடம், உறங்கிக்கொண்டிருந்த காசநோய் எழுவதுண்டு. உங்கள் பகுதியில் அப்படி யாராவது இருந்து இருமினால் விட்டுவிடாதீர்கள்.

மதுராந்தகம் பக்கம் தடுப்பூசி போடும் செவிலியர் நான். எங்கள் மாவட்டத்தில் பெரிய பிசிஜி ஆய்வு நடந்து, ஊசி பயனில்லை என்று வந்ததாகச் சொல்கிறார்களே? அப்புறம் ஏன் போடுகிறோம்? – வாசகி

செங்கல்பட்டு ஆய்வு 1968இல் தொடங்கியது. லட்சக்கணக்கானவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை என்று வந்தது உண்மை. உலகமே அதிர்ந்த முடிவு அது. ஆனால் பச்சைக் குழந்தைகளுக்கு வரும் மூளைச்சவ்வுக் காசநோயையும் உடம்பெங்கும் பரவும் வகையையும் அது தடுக்கிறது. அதற்காகத்தான் பிறந்ததும் போடுகிறோம். தயங்காமல் போடுங்கள்.

பிசிஜி வேறொரு விஷயத்தில் மறுபடி பேச்சுக்கு வந்திருக்கிறது. நெதர்லாந்தின் நைமேகனில் மிஹாய் நெட்டியா குழு, பிசிஜி போட்டவர்களின் மோனோசைட் என்ற வெள்ளணுக்களை மூன்று மாதம் கழித்து எடுத்து, காசநோய்க்குச் சம்பந்தமில்லாத ஸ்டஃபிலோகாக்கஸையும் கேண்டிடா பூஞ்சையையும் காட்டியது. முன்பைவிட அதிகமாக டிஎன்எஃப்பும் இன்டர்லூகின்-1ம் வந்தன. 2012இல் வெளியான முடிவு இது. அழற்சி மரபணுக்களின் வாசலில், ஹிஸ்டோன்களில் ‘திறந்து வை’ என்ற குறிகள் கூடியிருந்தன. நினைவாற்றல் டி-செல்லுக்கும் பி-செல்லுக்கும் மட்டுமே சொந்தம் என்று நான் வருஷக்கணக்காக வகுப்பில் எழுதிப்போட்ட பலகையை அழிக்க வைத்த ஆய்வு.

மோனோசைட் ரத்தத்தில் சில நாள்தான் இருக்கும், மூன்று மாதம் எப்படி நினைவில் வைக்கும் என்று கேட்பீர்கள். குறி எலும்பு மஜ்ஜையின் தாய்ச் செல்களிலேயே பதிகிறது என்று பிறகு தெரிந்தது. இதை வைத்து கொரோனா காலத்தில் பிசிஜி காப்பாற்றும் என்று எழுதித் தள்ளினார்கள். பல நாடுகளின் சுகாதாரப் பணியாளர்களிடம் நடந்த பெரிய சோதனையில் அது காப்பாற்றவில்லை. குறி விழுவது உண்மை. அது நோயைத் தடுக்குமா என்பது ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டியது.

எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கிறேன். ஒருவர் உடம்புக்கு ஒருவர் இது வேறுபடுமா? இதை எப்படி அளக்கிறார்கள்? எங்கள் கல்லூரியில் பெரிய வசதி இல்லை. நான் இதில் ஏதாவது செய்ய முடியுமா, மேடம்? – மாணவர், கோவில்பட்டி

வேறுபடும், தம்பி. 2016இல் லூயி பரேரோ குழு ஆப்பிரிக்க, ஐரோப்பிய மரபினர் 175 பேரின் மேக்ரோஃபேஜ்களுக்கு லிஸ்டீரியாவையும் சால்மொனெல்லாவையும் கொடுத்தது. இயங்கும் மரபணுக்களில் 9.3 சதவீதத்தில், கிருமிக்கு எழும் எதிர்வினை மரபு சார்ந்து வேறுபட்டது. ஆப்பிரிக்க மரபினரின் செல்களில் அழற்சி வலுவாக எழுந்தது, கிருமியையும் வேகமாகக் கட்டுப்படுத்தின. அதில் தென்னிந்தியர் கிடையாது. உங்களுக்கு அங்கே ஒரு முனைவர் பட்டம் காத்திருக்கலாம்.

அளப்பதில் முதல் சிக்கல் ரத்தம் எடுத்தபின் தொடங்குகிறது. ஊதா மூடிக் குழாயில் ரத்தத்தை எடுத்து மேசையில் வைத்தால், வெள்ளணுக்கள் தாங்கள் வெளியே வந்துவிட்டதையே ஒரு ஆபத்தாக எடுத்துக்கொண்டு மரபணுக்களை மாற்றத் தொடங்கிவிடும். நீங்கள் கடைசியில் அளப்பது நோயையா, மேசையையா என்று தெரியாது. அதனால் எடுத்த நொடியிலேயே ஆர்என்ஏவை உறையவைக்கும் திரவம் உள்ள தனிக் குழாய் பயன்படுத்துவார்கள். செல்களைப் பிரித்து வளர்ப்பதென்றால் ஃபைக்கால் திரவத்தின் மேல் ரத்தத்தைப் பைப்பெட் நுனியால் சுவரோரமாக, சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அவசரப்பட்டால் இரண்டும் கலந்துவிடும். என் மாணவிகளில் வாயாடிகள் எல்லாம் அந்தப் பத்து நிமிடம் மட்டும் பேசமாட்டார்கள். அப்புறம் கிருமியைச் சேர்த்து, குறித்த மணிகளில் ஆர்என்ஏ எடுத்து, வரிசைப்படுத்தும் இயந்திரத்துக்கு அனுப்ப வேண்டும். இந்த ‘குறித்த மணி’யில் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆறாம் மணியில் மட்டும் பார்த்தால் டிஎன்எஃப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை என்று எழுதிவிடுவீர்கள்.

ஒழுங்காகப் பார்த்தவர்களுக்கு இன்னும் வினோதங்கள் கிடைத்தன. காசநோய்க் கிருமி நுழைந்த மனித டென்ட்ரிடிக் செல்களில் (கிருமியை டி-செல்லுக்குக் காட்டிக்கொடுக்கும் வெள்ளணுக்கள்) டிஎன்ஏவின் மேல் ஒட்டியிருக்கும் மெத்தில் என்ற வேதிக் குறிகள் பல இடங்களில் அழிக்கப்படுகின்றன. செல் பிரியாமலேயே அழிகின்றன. குறி அழிவதால்தான் மரபணு எழுகிறது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். மணி மணியாகப் பார்த்தபோது பெரும்பாலும் மரபணு முதலில் எழுகிறது, குறி பிறகு அழிகிறது. இதுவும் பரேரோ குழுவின் வேலைதான், 2019இல் வந்தது.

வசதி இல்லை என்றீர்கள். உங்களுக்கு வேண்டியது ஒரு லேப்டாப், இணையம், ஆர் என்ற இலவச மென்பொருள். அமெரிக்காவின் என்சிபிஐ நடத்தும் ஜியோ என்ற களஞ்சியத்தில் உலகின் இத்தகைய தரவுகள் இலவசமாகக் கிடக்கின்றன. திருவாரூர் வாசகருக்குச் சொன்ன 2005 எல்பிஎஸ் ஆய்வின் தரவும் அங்கே உண்டு. 0, 2, 4, 6, 9, 24 மணி என்று ஆறு நேரப்புள்ளிகள். முதலில் டிஎன்எஃப், ஐ-கப்பா-பி-ஆல்ஃபா, இன்டர்லூகின்-10 மூன்றுக்கும் கோடு வரைந்து பாருங்கள். தனித்தனி ஆட்களுக்குத் தனித்தனிக் கோடாகப் போடுங்கள், சராசரி மட்டும் போட்டு ஏமாற்றக்கூடாது. படத்தை எனக்கு அனுப்புங்கள். நன்றாக வந்திருந்தால் அடுத்த இதழில் போட ஆசிரியரிடம் இடம் கேட்கிறேன். அவர் பாதிப் பக்கம்தான் கொடுப்பார், கோடுகளை அதற்குத் தகுந்தாற்போல் தடிமனாக வரையுங்கள்.